வெள்ளிக்கிழமை பன்னிரண்டு இருபதுக்கு ஆலையில் யாருமில்லை

நிம்மதிப் பொதுக் காப்புறுதிக் கம்பனியின் கிளைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றத் தேவையில்லை. ஆனாலும் முதல் நாள் ஸுல்பிகா கழற்றிவிட்டுத்தான் போனாள். தரை அப்படிப் பளபளத்தது. சுவரில் அகலமான படம் ஒன்று இருந்தது. படத்தில் ஒரு குடும்பமே பல் தெரியச் சிரித்தது. அதற்குக் கீழே ‘உங்கள் கவலை இனி எங்கள் கவலை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வாசகத்துக்கு நேரே எட்டு மாதம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் கம்பனிக்குக் கவலையே கிடையாது என்பது அவளுக்கு விளங்கியது.

கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனைக்குப் போகிற வீதியில் ஸுல்பிகாவின் வாப்பா விட்டுப்போன அரிசி ஆலை இருக்கிறது. ஊரில் அதை மில் என்றால்தான் தெரியும். ஏழு பேருக்கு அங்கே வேலை. ஆறு பேர் ஊர் ஆட்கள். ஏழாவது ஆள் பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிற கதிர்காமத்தம்பி. பத்தொன்பது வருடமாக அந்த மெஷினுக்கு டொக்டரும் அவர்தான், மருத்துவிச்சியும் அவர்தான். அது இருமினால் அவருக்குத் தூக்கம் வராது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மில் நிற்கும். ஆறு பேரும் குளித்து, வெள்ளைச் சாரம் மாற்றி, ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். ஸுல்பிகா வீட்டுக்குப் போய்த் தொழுதுவிட்டு உலை வைப்பாள். கதிர்காமத்தம்பி மட்டும் மில்லில் இருப்பார். ஓடுகிற மெஷினுக்குக் கிறீஸ் பூச முடியாது. பகல் வெளிச்சத்தில் அது நிற்பது வாரத்தில் அந்த இரண்டரை மணி நேரம் மட்டும்தான். அதற்குள் அவர் பெல்ட்டை இறுக்குவார், தவிடு அடைத்த இடங்களைச் சுரண்டி எடுப்பார், கிறீஸ் பூசுவார். ஆட்கள் பள்ளியிலிருந்து திரும்பி வரும்போது மெஷின் புது மாப்பிள்ளை போல நிற்கும். இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யவில்லை. அதுபாட்டில் நடந்துவந்தது.

காப்புறுதிப் பொலிசியை விற்றவன் றிஸ்கான். ஸுல்பிகாவுக்குத் தூரத்துச் சொந்தம். அதனால் அவனை வாசலோடு அனுப்ப முடியவில்லை.

“ராத்தா, வேல செய்யிற ஆக்களுக்கு ஒண்டு நடந்தா முதலாளிதான் பொறுப்பு. அந்தப் பொறுப்ப எங்கட கம்பனி எடுக்கும். நீங்க நிம்மதியா நித்திர கொள்ளலாம்” என்றான். பிறகு படிவத்தை விரித்தான். “வேல நேரம் சொல்லுங்க.”

“காலையில ஏழுல இரிந்து பின்னேரம் அஞ்சி. வெள்ளிக்கிழம பதினொண்டரைக்குப் பூட்டி ரெண்டு மணிக்குத் தொறப்பம். எல்லாரும் ஜும்ஆவுக்குப் போயிருவாங்க.”

“மாஷா அல்லாஹ். அந்த நேரம் மில்லுக்குள்ள ஆரும் இரிக்கமாட்டாங்கதானே?”

ஜும்ஆ நேரத்தில் மில்லுக்குள் வேலை நடக்கிறது என்று எழுத்தில் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? ஸுல்பிகா யோசிக்கவே இல்லை. “ஆரும் இரிக்கமாட்டாங்க” என்றாள். அந்த நிமிடத்தில் கதிர்காமத்தம்பி அவளுக்குப் பத்தடி தள்ளி, மக்கர் பண்ணி நின்ற மெஷினுக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய இரண்டு பாதங்களும் வெளியே தெரிந்தன. றிஸ்கான் அந்தப் பாதங்களைத் தாண்டிப் போய்ச் சுவரில் கம்பனியின் சான்றிதழை மாட்டினான்.

அடுத்த தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பதினொரு மணிக்கே கரண்ட் போய்விட்டது. மெஷின் தானாகவே நின்றது. வழக்கமாக லீவர் சுவிட்சை மேலே தள்ளி நிறுத்துகிறவள் ஸுல்பிகாதான். அது தானாக நின்றதால் அன்றைக்கு மறந்துவிட்டாள். எல்லோரும் போன பிறகு கதிர்காமத்தம்பி பெல்ட்டில் கை வைத்தார். பன்னிரண்டு இருபதுக்குக் கரண்ட் வந்தது. வலது கையில் சுட்டு விரலும் நடு விரலும் போய்விட்டன.

விரல்கள் தவிட்டுக்குள் கிடந்தன. சிதைந்து போயிருந்ததால் ஒட்ட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெட்டுப்பட்ட உறுப்பை மண்ணில் அடக்குவது ஸுல்பிகாவின் ஆட்களுடைய வழக்கம். கதிர்காமத்தம்பியின் பெண்சாதி செல்லத்தங்கத்திடம் கேட்டாள். “ஒங்கட முறைப்படியே செய்யுங்க புள்ள, அதுவும் இந்த மில்லுக்குத்தானே ஒழச்ச விரல்” என்று செல்லத்தங்கம் அழுதாள். வெள்ளைத் துணியில் சுற்றி மில் வளவு வேப்பமரத்தடியில் ஸுல்பிகா தன் கையாலேயே புதைத்தாள். பிழை தன்னுடையது என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. அந்தப் பிழைக்குத்தானே பொலிசி எடுத்திருக்கிறோம் என்ற ஒரே ஆறுதலோடுதான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பனிக்குள் நுழைந்தாள்.

கிளை முகாமையாளர் கிருபைராஜா, கழுத்துப்பட்டி கட்டிய, நன்றாகக் கதைக்கிற மனிதர். கதவைத் திறந்துவிட்டார், தேத்தண்ணி எடுப்பித்தார்.

“சேர், என்ட பிழதான். சுவிட்ச நிப்பாட்ட மறந்திட்டன்” என்று தொடங்கினாள் ஸுல்பிகா.

அவர் பதறிப்போய் எழுந்து கதவைச் சாத்தினார். “மெடம், அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது. காப்புறுதி எடுத்தவர் தவறை ஒப்புக்கொண்டால் பொலிசி செல்லாது. பக்கம் முப்பத்தொன்று.”

“அப்ப என்ட பிழ இல்லண்டு சொல்லட்டா?”

“தாராளமாகச் சொல்லுங்க. உங்கள் பிழை இல்லையென்றால் நாங்கள் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை.”

“அப்ப நான் என்னத்தச் சேர் சொல்ற?”

“ஒன்றும் சொல்லாதீங்க. மௌனமாக இருக்கிற வாடிக்கையாளர்களைத்தான் எங்கள் கம்பனி மிகவும் மதிக்கிறது.”

ஸுல்பிகா வாயை மூடிக்கொண்டாள். அவர் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பிக்கொண்டு போனார். ஐந்தாவது கேள்வியில் பேனா நின்றது. “சேதமடைந்த பாகங்களை எப்போது ஒப்படைப்பீர்கள்?”

“என்ன பாகம்?”

“விரல்கள். வாகன விபத்தென்றால் உடைந்த பம்பரைக் கொண்டுவந்து தர வேண்டும். கம்பனியில் எல்லாத்துக்கும் ஒரே படிவம்தான்.”

“அத அடக்கிட்டம் சேர். வேப்பமரத்துக்குக் கீழ.”

கிருபைராஜாவின் முகம் வாடிவிட்டது. நெருங்கிய ஒருவரைத் தன்னிடம் சொல்லாமல் அடக்கம் செய்துவிட்டதுபோல வருத்தப்பட்டார். “கம்பனிக்குச் சேர வேண்டிய பொருளை அனுமதியில்லாமல் புதைத்துவிட்டீங்களே, மெடம்.”

“அது கதிரண்ணன்ட விரல்!”

“நட்டஈடு கொடுத்த பிறகு எங்களுடையது.”

“அப்ப குடுங்களன். தோண்டித் தாறன்.”

“பாகம் வந்தால்தானே கொடுக்கலாம்?”

அன்றைக்கு வெளியே வரும்போது ஒரு செருப்பைக் காணவில்லை. ஒற்றைச் செருப்போடு மில்லுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். கதிர்காமத்தம்பி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“தோண்டிக் குடுத்திருங்க தங்கச்சி. எனக்கு இனி என்னத்துக்கு அது? அவங்களுக்காவது ஒதவட்டும்.”

ஸுல்பிகாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரித்தால் பாவம் என்று அழுதாள்.

அவருக்கோ அந்தக் காசு வந்தே ஆக வேண்டும். சுற்றியிருந்த மில்காரர்கள் எல்லாம் மெஷின் மக்கர் பண்ணினால் அவரைத்தான் தேடி வருவார்கள். இப்போது ஒருவரும் வருவதில்லை. ஸுல்பிகா சம்பளத்தை நிறுத்தவில்லை. ஆனால் சும்மா இருந்து வாங்குகிற சம்பளம் அவருக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. நட்டஈடு வந்தால் வீட்டு வாசலில் சின்னக் கடை ஒன்று போடலாம் என்று செல்லத்தங்கம் நாலு கம்பு நட்டு வைத்திருந்தாள். கூரைக்கு வழியில்லாமல் அந்த நாலு கம்பும் மாரி மழையில் நனைந்து கோடை வெயிலில் காய்ந்துகொண்டு நின்றன.

மூன்றாம் மாதம் கிருபைராஜா விசாரணைக்கு வந்தார். அளவு நாடா, கமெரா, கையுறை எல்லாம் கொண்டுவந்தார். பெல்ட்டின் நீளத்தை அளந்தார். கதிர்காமத்தம்பியின் உயரத்தை அளந்தார். வேப்பமரத்தைச் சுற்றி வந்து அதையும் அளந்தார். பிறகு, சம்பவத்தை மறுபடியும் நடித்துக் காட்ட வேண்டும் என்றார்.

“கை எங்கே இருந்ததோ அங்கேயே வையுங்கள். வலது கை முழுமையாக இல்லாதபடியால் இடது கையைப் பாவிக்கலாம். கம்பனிக்கு ஆட்சேபனை இல்லை.”

கதிர்காமத்தம்பி மிச்சமிருந்த நல்ல கையைப் பெல்ட்டில் வைத்தார். அவர் அதை எடுக்கும்வரை ஸுல்பிகா சுவிட்ச் லீவரை இரண்டு கையாலும் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சூறாக்களையெல்லாம் ஓதினாள்.

“அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தீங்க?”

“கிறீஸ் பூசினன் ஐயா.”

“அது வேலை நேரமா?”

“மெஷின் நிண்ட நேரம்.”

“பூட்டின மில்லுக்குள் எப்படி வந்தீங்க?”

“நான் வெளிய போகவே இல்லையே ஐயா, உள்ளுக்கு வாறதுக்கு.”

கிருபைராஜா அதை நெடுநேரம் யோசித்தார். கடைசியில், ‘உள்ளே வந்த விதம்: திருப்திகரமாக விளக்கப்படவில்லை’ என்று எழுதினார். ஸுல்பிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விரலை உதட்டில் வைத்து, “பக்கம் முப்பத்தொன்று” என்று அன்போடு நினைவூட்டினார்.

ஏழாம் மாதம் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. அடியில் கிருபைராஜாவின் கையொப்பமும் வட்ட முத்திரையும் இருந்தன.

‘தங்கள் விண்ணப்பப் படிவத்தின்படி, வெள்ளிக்கிழமைகளில் முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 2.00 வரை தங்கள் ஆலையில் எவரும் இருப்பதில்லை. ஆகவே 12.20க்கு அங்கே எவரும் காயமடைந்திருக்க முடியாது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம். கதிர்காமத்தம்பி என்பவருக்கு எமது ஆழ்ந்த அனுதாபங்கள்.’

ஸுல்பிகா கடிதத்தை மூன்று முறை வாசித்தாள். விண்ணப்பத்தில் இருந்தது அவள் சொன்ன வார்த்தைதான். ஊரில் நல்ல பெயர் எடுப்பதற்காகச் சொன்ன அந்த ஒரு வார்த்தை, பத்தொன்பது வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே கிடந்த மனிதனை அழித்துப்போட்டது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகு, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறவர்கள் மேல் அதைவிடப் பெரிய ஆத்திரம் வந்தது. கடிதத்தைக் கிழிக்கப் போனவள், கிழிக்காமல் பிஸ்கட் தகரத்துக்குள் பத்திரமாக வைத்தாள்.

எட்டாம் மாதம் றிஸ்கான் ஓடி வந்தான். வாயெல்லாம் பல்.

“ராத்தா! ஒங்கட மில்லுக்கு அவாட் கெடச்சிரிக்கி! மாவட்டத்திலயே ஒரு விபத்தும் நடக்காத மில் இதுதானாம். கம்பியூட்டர்ல பாத்தா ஸீரோ! மனேஜர் சேரே வந்து கேடயம் தாறாராம்!”

ஸுல்பிகா கையிலிருந்த அரிசிச் சுளகை அவன் தலையில் கவிழ்க்கப் போனாள். கதிர்காமத்தம்பிதான் தடுத்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“வரட்டும் தங்கச்சி. நாலு பேருக்கு முன்னால வச்சி அவருட்ட ஒரு சொல்லுக் கேக்கலாம்தானே.”

வைபவத்துக்கு வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணியை முகாமையாளரே குறித்தார். மில் நிற்கிற நேரம், இரைச்சல் இருக்காது என்றார். அன்றைக்கும் பதினொரு மணிக்கே கரண்ட் போய்விட்டது. ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாக இருந்த றிஸ்கான், எந்த சுவிட்ச் எதற்கு என்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் கீழே தட்டிப் பார்த்தான். ஒன்றும் வேலை செய்யவில்லை. அதற்குள் பள்ளியில் தொழுகைக்கு வாங்கு சொல்லிவிட்டார்கள். தட்டியது தட்டியபடி கிடக்க, தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடிவிட்டான். மில்லின் ஆறு பேரும் போனார்கள். அழைத்திருந்த கடைக்காரர்களும் போனார்கள். வாசலில் வருகிறவர்களை வரவேற்க நின்ற ஸுல்பிகா, போகிறவர்களை வழியனுப்பினாள். கதிரைகளுக்கு முன்னால் மிஞ்சியது முகாமையாளர், கமெராக்காரர், அவள், கதிர்காமத்தம்பி.

கிருபைராஜா மனம் தளரவில்லை. வெறுங் கதிரைகளைப் பார்த்து அரை மணி நேரம் உரையாற்றினார்.

“நண்பர்களே! நட்டஈடு கொடுப்பதற்குக் கம்பனி எதற்கு? அதை யாரும் கொடுக்கலாம். நாங்கள் கொடுப்பது நம்பிக்கை. நட்டஈடு கொடுத்தால் அது ஒரே நாளில் முடிந்துவிடும். கொடுக்காமல் வைத்திருந்தால் நம்பிக்கை வருடக்கணக்கில் நிலைக்கும். இந்த ஆலையைப் பாருங்கள். ஒரு விபத்துக்கூட இல்லை! விபத்து நடந்தாலும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் சேவை.”

கதிர்காமத்தம்பி மரியாதைக்குக் கை தட்டினார். மூன்று விரல் கையிலிருந்து சத்தம் வரவில்லை.

கேடயத்தை வாங்கினாள் ஸுல்பிகா. கேட்க வேண்டிய சொல்லைக் கேட்க வாய் திறந்தாள். “ஒரு நிமிஷம் மெடம், முதல்ல படம்” என்று கிருபைராஜா மெஷின் பக்கம் போய், கமெராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பெல்ட்டின் மேல் கையை ஊன்றினார். அப்போது நேரம் பன்னிரண்டு இருபது என்றால் கதை கட்டியதாகத்தான் தோன்றும். பன்னிரண்டு பதினெட்டு.

முகட்டில் இருந்த டியூப்லைட் கண்ணைச் சிமிட்டியது. அதை முதலில் கண்டவர் கதிர்காமத்தம்பி. “கைய எடுங்க ஐயா!” என்று கத்திக்கொண்டே பாய்ந்து, இடது கையால் அவருடைய கொலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பெல்ட் சுழன்றது. முகாமையாளரின் வெள்ளைச் சட்டையின் வலது கை தோளோடு பிய்ந்து உள்ளே போனது. உள்ளே இருந்த கை தப்பியது. அவர் கணுக்கால் மடங்கிக் கீழே விழுந்தார். ஸுல்பிகா ஓடிப்போய் லீவரை மேலே தள்ளினாள்.

“எவன் சுவிட்சைப் போட்டது?” தரையில் கிடந்தபடி கிருபைராஜா குளறினார். “ஐயோ என்ட கால்! இது முழுக்க முழுக்க நிர்வாகத்தின்ட கவனக்குறைவு! ஆருமில்லையா இஞ்ச?”

அவர் வாயிலிருந்து அசல் ஊர்த் தமிழ் வந்தது அதுதான் முதல் தடவை. கதிர்காமத்தம்பி குனிந்து, மிஞ்சிய மூன்று விரலையும் நீட்டினார். முகாமையாளர் அதைப் பற்றிக்கொண்டுதான் எழுந்து நின்றார்.

ஒன்பதாம் நாள் அவர் ஊன்றுகோலோடு மில்லுக்கு வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு றிஸ்கான் பின்னால் வந்தான். கம்பனி தன் ஊழியர்களுக்குக் கடமைக் காயக் காப்புறுதி வைத்திருந்தது. அந்தக் காசு வர வேண்டுமானால், சம்பவ நேரத்தில் அவர் அந்த இடத்தில் இருந்தார் என்று இடத்துச் சொந்தக்காரர் கையொப்பம் வைக்க வேண்டும்.

ஸுல்பிகா அவரைக் கதிரையில் இருத்தினாள். தேத்தண்ணி கொடுத்தாள். பிஸ்கட் தகரத்தைத் திறந்து கடிதத்தை எடுத்து, அவருடைய கையொப்பம் அவருக்கே தெரிகிறமாதிரி மேசையில் விரித்தாள்.

“வெள்ளிக்கிழம அந்த நேரம் இஞ்ச ஆரும் இரிக்கிறல்ல சேர். நீங்களே எழுதித் தந்திரிக்கீங்க.”

“மெடம், நான் இருந்தேன்தானே! உங்கட கண்ணாலேயே பார்த்தீங்கதானே!”

“கதிரண்ணனும் இருந்தவர்தானே.”

கிருபைராஜா கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். றிஸ்கானைப் பார்த்தார். அவன் சுவரில் தான் மாட்டிய சான்றிதழைப் பார்த்தான். அப்போதுதான் அவர் முதல் தடவையாக, அளவு நாடா இல்லாமல், கதிர்காமத்தம்பியின் கையைப் பார்த்தார்.

“கதிரண்ணன்ட காசு வந்த அண்டைக்கு ஒங்கட போமில ஒப்பம் வைப்பன்” என்றாள் ஸுல்பிகா. “அதுவரைக்கும் பக்கம் முப்பத்தொண்டு. நான் வாயத் தொறக்கமாட்டன். மௌனமா இரிக்கிறவங்களத்தானே கம்பனி மதிக்கும்?”

எட்டு மாதத்தில் நகராத கோப்பு பதினொரு நாளில் ஓடி முடிந்தது. ‘மீள்பரிசீலனையின்போது, வெள்ளிக்கிழமைகளில் மேற்படி ஆலையில் மனிதர்கள் இருக்கக்கூடும் எனக் கண்டறியப்பட்டது’ என்று கடிதம் வந்தது. காசும் வந்தது. செல்லத்தங்கத்தின் நாலு கம்புக்கும் மேலே தகரம் ஏறியது. அந்த விரல்களுக்கு அது ஈடாகாது என்று அவளுக்கும் தெரியும், ஸுல்பிகாவுக்கும் தெரியும். ஸுல்பிகா சொன்ன சொல் தவறாமல் முகாமையாளரின் படிவத்தில் கையொப்பம் வைத்தாள்.

மறுவாரம் றிஸ்கான் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடியும் வந்து நின்றான்.

“ராத்தா, சேர்ட கிளெய்ம் நிக்கிது. சேதமான பாகத்த ஒப்படைக்கணுமாம். அந்தச் சட்டக் கை எங்க?”

ஸுல்பிகா வாயைத் திறக்கவில்லை. மெஷினுக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்த கதிர்காமத்தம்பி மூன்று விரல் கையை மட்டும் வெளியே நீட்டி, வளவுப் பக்கம் காட்டினார்.

“வேப்பமரத்துக்குக் கீழ தம்பி, என்ட விரலுக்குப் பக்கத்தில. தோண்டுறதெண்டா கம்பனியில அனுமதி எடுத்துக்கிட்டு வாங்க.”